உம் ஷஃபீக் வாங்கிய மாவு

அந்த ரவை டின்னை முதலில் எடு, கனி. நீ எடுத்தது அரிசி. அரிசி இருக்கலாம், எங்கள் குடும்பப் பழக்கத்தில் அதற்குத் தடை இல்லை. பக்கத்தில் பச்சை மூடி போட்டிருக்கிறதே, அதுதான் ரவை. அதையும் சேமியாவையும், நீ சப்பாத்திக்கு என்று வாங்கிவந்த கோதுமை மாவையும் கொண்டுவந்து மேஜைமேல் வை. பிஸ்கட்டையும்தான். பாதி தின்ற பாக்கெட் என்றாலும் பிஸ்கட் பிஸ்கட்தான்.

இன்றைக்குப் பொழுது இறங்கினால் பஸ்கா. உங்கள் வேதத்திலும் இருக்கிறதென்று நீயே சொன்னாய், புளித்த மா வீட்டில் இருக்கக் கூடாது என்று. புளிக்கக்கூடிய மாவும் அதோடு சேர்த்தி. கொஞ்சம் இருந்தால் முற்றத்தில் போட்டு எரிப்போம். நிறைய இருந்தால் எரிக்க மனம் வராது. அதை விற்றுவிடுவோம், யூதர் அல்லாத ஒருவருக்கு. ஏழு நாளும் அது அவர்களுடைய சொத்து. பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வோம். சிரிக்காதே, விளையாட்டில்லை. இந்தக் கைக்குட்டையின் ஒரு முனையை நீ பிடிக்க வேண்டும், மறு முனையை நான் பிடிப்பேன். பிடித்து விட்டால் விற்றாயிற்று. கடவுள் கேட்டால்கூட, அந்த மாவு நாசரேத்துக்காரி ஜெபக்கனியுடையது என்று சொல்வேன்.

இந்த ஊருக்கு வந்த புதிதில், நாசரேத்திலிருந்து வருகிறேன் என்றாயே. நாசரேத் இங்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், அதற்கு ஏன் இவள் விமானத்தில் வந்தாள் என்று நான் குழம்பிப்போனேன். திருநெல்வேலிப் பக்கமும் ஒரு நாசரேத் இருக்கும் என்று எனக்கென்ன தெரியும்.

என் பெண் போன வருஷம் வரைக்கும் கம்ப்யூட்டரில் யாரோ ஒரு ரப்பி, எங்கள் மதகுரு, அவர் மூலமாக விற்றாள். எனக்கு அது ஒட்டவே இல்லை. கண்ணெதிரே ஓர் ஆள் வேண்டும். என் அம்மா அப்படித்தான் விற்றாள். உம் ஷஃபீக்குக்கு.

உட்கார். இன்னும் நேரம் இருக்கிறது. காலைச் சங்கீதம் சொல்லி முடித்துவிட்டேன். போன வாரம் ஒருவன் வந்தானே, நீ டீ போட்டுக் கொடுத்தாயே, அவன் முன்னால் என் குரல் ஏறினதும் நீ பயந்து எட்டிப் பார்த்தாயே. எதற்காக என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மெழுகுவர்த்தி எரிகிறது பார், அது என் தம்பிக்கு. இன்றைக்குத்தான் அவன் செத்த நாள். எல்லோரும் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த நாள்.

மலைமேல் ஒரு சுவர் இருக்கிறது. இந்த நாடு பிறப்பதற்கு முன்னால், வெள்ளைக்காரன் ஆட்சியில், மறைவில் இருந்து சண்டை போட்ட எங்கள் பையன்களுடைய பேரெல்லாம் அதில் வெட்டியிருக்கிறார்கள். கருங்கல். வெயில் பட்டால் பளபளவென்று இருக்கும். தூக்கில் தொங்கினவன் பேர் இருக்கிறது, காய்ச்சலில் செத்தவன் பேர்கூட இருக்கிறது. என் தம்பி மெந்தேஷ் பேர் இல்லை. அறுபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் நான் நடந்து போனேன், பிறகு பஸ்ஸில் போனேன், இப்போது அந்தச் சுவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இங்கே வருகிறார்கள். அவ்வளவுதான் முன்னேற்றம்.

நாங்கள் சலோனிக்காக்காரர்கள். கிரேக்க தேசத்துத் துறைமுகம். அங்கே மூட்டை தூக்கினவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள், சனிக்கிழமை ஆனால் துறைமுகமே கதவைச் சாத்திவிடும். இங்கே ஹைஃபாவில் புதுத் துறைமுகம் கட்டினபோது ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். வராமல் அங்கேயே இருந்தவர்கள் யாரும் பிறகு இல்லை. என் பெரியம்மா, அவள் பேரன் பேத்திகள், எங்கள் தெரு முழுக்க. ஜெர்மன்காரர்கள் ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அதனால் இந்தச் சண்டையை யாரும் எனக்குக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

கீழ் ஊரில் வீடு. ஒரு முற்றம், அதைச் சுற்றி வீடுகள், மேலே போகக் கல் படிக்கட்டு. கீழே நாங்கள், எதிர் மாடியில் உம் ஷஃபீக். ஷஃபீக்கின் அம்மா என்று அர்த்தம். அரபிகள் மூத்த பிள்ளை பேரைச் சொல்லித்தான் தாயைக் கூப்பிடுவார்கள். ஷஃபீக் பெய்ரூத்தில் வேலைக்குப் போய்விட்டான், அதனால் பிழைத்தான். அவளுக்கு அடுத்து ஒரு பெண், நஜ்லா, என் வயது. நான் அவள் தலையைப் பின்னுவேன், அவள் என் தலையைப் பின்னுவாள். கடைசியில் ஒரு கைக்குழந்தை. அதன் பேர்... நாக்கில் இருக்கிறது. வரும். அவள் புருஷன் அபூ ஷஃபீக்கும் என் அப்பாவும் துறைமுகத்தில் ஒரே கூட்டத்தில் மூட்டை தூக்கினார்கள். ஒருத்தர் தூக்கிவிட்டால்தான் இன்னொருத்தர் முதுகில் மூட்டை ஏறும்.

உம் ஷஃபீக் பெரிய உடம்புக்காரி. சிரித்தால் படிக்கட்டே குலுங்கும். ஒவ்வொரு பஸ்காவுக்கும் அம்மாவோடு கைக்குட்டை பிடிப்பாள். பிடித்துக்கொண்டே, "பலோம்பா, இந்த வருஷம் நான் திருப்பித் தரப்போவதில்லை, என் மகள் கல்யாணத்துக்கு ரொட்டி சுட வைத்துக்கொள்ளப்போகிறேன்" என்பாள். அம்மாவும் பயந்ததுபோல நடிப்பாள். பண்டிகை முடிகிற சாயங்காலம், எங்கள் வீட்டில் மாவே இருக்காதல்லவா, அவளே சுடச்சுட ரொட்டி சுட்டுத் தட்டில் அடுக்கி, மேலே பச்சைக் கீரை வைத்து, எங்கள் மாவையும் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கி வருவாள். அந்த முதல் ரொட்டி வாசனை இருக்கிறதே. சரி, அது வேறு கதை.

பிறகு ஊர் கெட்டுப்போனது. அரபி ஆட்கள் எங்கள் பஸ்களைக் கொளுத்தினார்கள். மெந்தேஷின் சிநேகிதன் சபெத்தாய், துறைமுக வாசலில் மூட்டையோடு வந்தவனைக் குத்திவிட்டார்கள். முதுகில் மூட்டை, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையும் மேலே. தடுக்கக் கை இல்லை. சரிந்த பிறகும் மூட்டையை விடவில்லையாம். மெந்தேஷ்தான் விரல்களைப் பிரித்து எடுத்தான்.

அன்றிலிருந்து அவன் மறைவு ஆட்களோடு சேர்ந்தான். எப்படிச் சேர்ந்தான் என்று எனக்கு மட்டும் சொன்னான். ஜன்னலெல்லாம் அடைத்த ஓர் அறையாம். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்ததாம். வேதத்தின்மேல் ஒரு கை, துப்பாக்கிமேல் ஒரு கை வைத்துச் சத்தியம். உயிர் போனாலும் வாய் திறப்பதில்லை என்று. பத்தொன்பது வயது. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

நானும் சும்மா இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பெண்களைத் தொட்டுச் சோதிக்க மாட்டார்கள். என் பாவாடைக்குள் கைத்துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு அவர்கள் முன்னாலேயே நடந்திருக்கிறேன். ஒருவன் எனக்கு வணக்கம்கூடச் சொன்னான். என்ன முழிக்கிறாய்? நானும் ஒரு காலத்தில் நேராக நடந்தவள்தான்.

அவர்கள் குத்தினால் நாங்கள் குண்டு வைத்தோம். குத்தினவனைத் தேடிக்கொண்டு போக முடியுமா? அதனால் மார்க்கெட்டில் வைத்தோம். காய்கறிக் கூடையில், எண்ணெய் டின்னில், அவர்கள் கூடுகிற இடத்தில். ஒரு நாள் மெந்தேஷ் வீட்டுக்கு வந்தபோது அவன் கால்சட்டை முழுக்கத் தக்காளி. தக்காளி மட்டும் இல்லை. அம்மா பார்ப்பதற்குள் நான் வாங்கித் துவைத்தேன். பச்சைத் தண்ணீரில் துவைக்க வேண்டும், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். ஒரு துணுக்கு முடியோடு ஒட்டியிருந்தது. சாக்கடையில் தள்ளிவிட்டு, அவனுக்காக ஒரு சங்கீதம் சொன்னேன். மெந்தேஷுக்காகத்தான். அவன் அன்று முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான், பாவம்.

இப்போது அந்தப் பஸ்காவுக்கு வருகிறேன். பெரிய யுத்தம் வருவதற்கு முந்தின வசந்தம். காலையில் கிளம்பும்போது மெந்தேஷ் என்னைச் சமையல் மூலைக்குக் கூப்பிட்டான். பெஞ்சுக்கு அடியில் அம்மாவின் மாவு டின்கள் வரிசையாக இருக்கும். அவற்றோடு கூடுதலாக ஒரு டின்னைத் தள்ளியிருந்தான். மேலே ரவை. ஓர் ஆள் வருவார், முட்டைக்காரர் மாதிரி இருப்பார், அவரே எடுத்துக்கொள்வார். "நீ அதைத் தொடாதே ரெய்னா. என்மேல் ஆணை, தொடாதே." அவ்வளவுதான் சொன்னான். மாவு டின்னைப் போய் யார் கிளறப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். சண்டை, சத்தியம் என்று அலைந்ததில் பிள்ளைக்கு அன்று என்ன நாள் என்பதே மறந்துபோய்விட்டது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் யூதப் பெண்பிள்ளை மாவு டின்னை விட்டுவைக்க மாட்டாள். அந்த நாள் பார்த்து அங்கே வைத்தான்.

முட்டைக்காரர் வரவில்லை. வழியில் சிப்பாய்கள் முள்கம்பி போட்டு எல்லோரையும் நிறுத்திவைத்திருந்தார்களாம். அம்மாவோ அலாரம் கடிகாரத்தைக் காணோம் என்று காலையிலிருந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தேடினது போதும் என்று அவள் டின்களை ஒவ்வொன்றாக எடுத்து வாயைத் துணியால் கட்டினாள். அந்த டின்னையும் கட்டினாள். இது எப்போது வாங்கினோம், இவ்வளவு கனக்கிறதே என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? சொன்னால் திறந்து பார்ப்பாள்.

நானும் யோசிக்காமல் விடவில்லை. உள்ளே தோட்டா இருக்கும் என்று நினைத்தேன். போலீஸ் எங்கள் வீட்டைச் சோதித்தாலும் சோதிக்கும், உம் ஷஃபீக் வீட்டில் எங்கள் தோட்டாவைத் தேடுமா? ஏழு நாள் அங்கே இருந்தால் இங்கே இருப்பதைவிடப் பத்திரம். மெந்தேஷ் கேட்டால் என் புத்தியை மெச்சுவான் என்றுகூட நினைத்தேன். அம்மாவுக்கு இரண்டு கையும் நிறைய டின். கதவைத் திறந்துவிட்டது மட்டும்தான் நான். டின்னைத் தொடவில்லை. தம்பி ஆணை போட்டால் நான் மீற மாட்டேன்.

மாடியில் கைக்குட்டை பிடித்ததும் சிரிப்புச் சத்தம் கேட்டது. விற்றாயிற்று.

அம்மா இறங்கி வந்து முற்றத்தில் நெருப்பு மூட்டினாள். முந்தின நாள் மெழுகுவர்த்தி பிடித்து, கோழி இறகால் கூட்டி எடுத்த ரொட்டித் துகளையெல்லாம் அதில் போட்டாள். அந்த முற்றத்தில் இருந்த எங்கள் பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அப்போதுதான் முட்டைக்காரர் வந்தார். மறைவுப் பெயர் கிதியோன். இவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். டின் எங்கே என்றார் மெதுவாக. உம் ஷஃபீக்குக்கு விற்றுவிட்டோம் என்றேன். அவர் மாடியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஓடவில்லை, கவனி. ஓடினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா. நடந்துதான் போனார். அப்படிப்பட்ட கட்டுப்பாடு. பின்னால் பெரிய பதவிக்கெல்லாம் வந்தார், அவர் பேரில் தெருவே இருக்கிறது.

துறைமுகம் எட்டித் தொடுகிற தூரம், மெந்தேஷுக்கும் அங்கேதான் வேலை. முட்டைக்காரன் ஒருவன் மெந்தேஷ் காதில் ஏதோ சொன்னதை அப்பா பார்த்திருக்கிறார். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அபூ ஷஃபீக் முதுகில் ஏற்றிக்கொண்டிருந்த மூட்டையை அப்படியே விட்டுவிட்டு மெந்தேஷ் ஓடினானாம். அபூ ஷஃபீக் கால் தடுக்கி விழுந்து, என்ன வந்தது இந்தப் பிள்ளைக்கு என்று திட்டினாராம்.

அவன் முற்றத்துக்குள் வந்தபோது மூச்சு இல்லை. "டின் எங்கே?" என்றான். நான் கையைக் காட்டினேன். படிக்கட்டில் பாய்ந்தான். உள்ளே என்னவோ உருளுகிற சத்தம். பிறகு டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படி உச்சிக்கு வந்தான். பின்னாலேயே உம் ஷஃபீக், டின்னின் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"விடுடா திருடா. இது என் மாவு. உன் அம்மா எனக்கு விற்றுவிட்டாள்."

நஜ்லாவும் சிரிக்கிறாள், இடுப்பில் குழந்தை. குழந்தையும் கையை நீட்டுகிறது. வருஷா வருஷம் நடக்கிற கேலிதானே, மெந்தேஷும் சேர்ந்து விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"கையை விடுங்க அத்தை. விடுங்க." அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. சத்தியம் செய்திருக்கிறானே.

அம்மா நெருப்புக்கு முன்னால் நின்று பஸ்கா ஜெபத்தை ஆரம்பித்திருந்தாள். என் வீட்டில் உள்ள புளித்த மா, நான் கண்டதும் காணாததும், எல்லாம் மண்ணில் கிடக்கும் தூசியாகட்டும் என்று வரும். பாதியில் நிறுத்திவிட்டு மேலே பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"மெந்தேஷ், அதை இங்கே கொண்டுவராதே. விற்றது விற்றதுதான்."

அவன் கீழே பார்த்தான். முற்றம் முழுக்க நாங்கள். எறிந்தால் எங்கள்மேல் விழும். பின்னால் பார்த்தான். அங்கே அவர்கள். ஒரே ஒரு நிமிஷம், அதுகூட இல்லை. பிறகு கீழே உட்காருகிறவன்போல மடங்கி, டின்னை வயிற்றுக்குள் வைத்துக் குனிந்தான். உம் ஷஃபீக் அப்போதும் கையை எடுக்கவில்லை.

சத்தம் எனக்கு நினைவில்லை. வெள்ளையாக ஒன்று முற்றத்தின்மேல் நின்றது, அதுதான் நினைவிருக்கிறது. ரவையும் சுண்ணாம்பும். அது மெதுவாகத்தான் இறங்கியது. இறங்க இறங்க மற்றதும் விழுந்தது. படிக்கட்டு இல்லை. துணி காயப்போட்ட கொடியில் நஜ்லாவின் பின்னல் தொங்கிக்கொண்டிருந்தது, நான் அன்று காலையில் பின்னிவிட்டது, நுனியில் என் ரிப்பன். அம்மா மூட்டின நெருப்புக்குள் ஒரு கை விழுந்து, விரல்கள் மடங்கின. யாருடையது என்று தெரியவில்லை. ஆண் கையா பெண் கையா என்றுகூடத் தெரியவில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து ஜெபத்தை முடித்தாள். மண்ணில் கிடக்கும் தூசி. எனக்குக் காது கேட்கவில்லை, அவள் உதடு அசைவதைப் பார்த்தேன்.

மெந்தேஷைப் பொறுக்கித்தான் எடுத்தோம். எங்கள் சட்டப்படி ரத்தம் பட்ட மண்ணையும் சேர்த்துத்தான் புதைக்க வேண்டும். யார் ரத்தம் யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? அடக்கம் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். பண்டிகை பிறப்பதற்குள் முடிக்க வேண்டுமே. அவர்கள் பக்கத்து ஆட்களும் வந்து வாரினார்கள். சண்டைகூட நடந்தது, ஒரு வாளிக்காக. சரி, அது வேறு கதை.

கண்ணைத் துடைத்துக்கொள், கனி. நீ நல்ல பெண். மெந்தேஷுக்காக இத்தனை வருஷம் கழித்து அழுவதற்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.

மறுநாள் மறைவு ஆட்கள் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். அரபி வீட்டில் அவர்களே செய்த குண்டு அவர்கள் கையிலேயே வெடித்தது என்று. போலீசும் அப்படித்தான் எழுதிக்கொண்டது. இடிந்தது அவர்கள் வீடு, கடிகாரச் சக்கரம் கிடந்தது அவர்கள் வீட்டில். அப்போது அவசரச் சட்டம். யார் வீட்டில் வெடிமருந்தோ அவன் தலைக்குத் தூக்கு. அபூ ஷஃபீக்கை அடக்கத்திலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள், கையில் மண்ணோடு.

அந்த மனிதர் ராணுவ கோர்ட்டில் ஒன்றையே சொன்னார். அது பக்கத்து வீட்டு மாவு, பண்டிகைக்கு எங்களிடம் விற்பார்கள், பலோம்பாவைக் கேளுங்கள் என்று. அம்மாவைக் கேட்க முடியாது. அவள் அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை. அப்பாவுக்குக் கோர்ட் பாஷை வராது. அதனால் நான் போனேன். போவதற்கு முன்னால் கிதியோன் ஆள் அனுப்பியிருந்தார், வாயைத் திறந்தால் கூட்டம் முழுக்கத் தூக்குமேடை ஏறும் என்று. எனக்குப் பொய் சொல்ல வராது, கனி. அன்று காலையும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போனேன். கர்த்தர் வழி காட்டினார். வேதத்தின்மேல் கை வைத்தேன். அந்த அதிகாரி, எதிர் வீட்டுக்கு டின் எதுவும் கொடுத்தாயா என்று கேட்டார். நான் எந்த டின்னையும் தொடவில்லை என்றேன்.

உண்மைதானே? நான் தொடவே இல்லையே.

அபூ ஷஃபீக் கூண்டிலிருந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறவர்போல, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு. சொல்ல வேறு என்ன இருந்தது? கேட்டதற்குப் பதில் சொன்னேன். கோடை பிறப்பதற்குள் அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போனார், ஆனால் அவர் முதுகில் மூட்டையை ஏற்றிவிட ஆள் இல்லை, திரும்பி வந்துவிட்டார். அது வேறு கதை. நான் சொல்லவந்தது மெந்தேஷைப் பற்றி.

அம்மாதான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் மாவே சேர்க்கவில்லை. வருஷம் பூராவும் எங்கள் வீட்டில் பஸ்கா. கல்யாணம் ஆகிப் போகும்வரை கடை ரொட்டியைத் தெருவில் நின்றுகொண்டு தின்றேன். பண்டிகை முடிகிற சாயங்காலம் மட்டும் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள், தட்டு வருமென்று. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள், என்ன சொல்ல முடியும். ஆனால் எனக்கும்தானே அவன் தம்பி.

இப்போது சுவர் விஷயம் உனக்குப் புரிகிறதா? ஊர் அறிந்த கதைப்படி குண்டு அரபியுடையது. அப்படியானால் மெந்தேஷ் யார்? வெடித்தபோது பக்கத்தில் நின்றவன். வழிப்போக்கன். கிதியோன் உயிரோடு இருந்தவரை என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வார், உன் தம்பி தங்கமான அண்டை வீட்டுக்காரன், காப்பாற்றப் போனான் என்பார். அண்டை வீட்டுக்காரனுக்குச் சுவரில் இடம் இல்லை. குண்டு செய்தவன் அவன், சத்தியத்தைக் காப்பாற்றினவன் அவன், வயிற்றுக்குள் வைத்து அமுக்கினவன் அவன். அவன் அமுக்காவிட்டால் முற்றத்தில் நான் இருந்திருப்பேனா?

போன வாரம் வந்தவனிடம் இதையெல்லாம் சொன்னேன். சாட்சி என்ன என்றான். நான்தான் சாட்சி என்றேன். அந்தக் குண்டு என் தம்பியுடையது, அபூ ஷஃபீக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எழுதிக்கொள் என்றேன். அவன் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு, "நீங்கள் கோர்ட்டில் சத்தியம் பண்ணிச் சொன்னது வேறு அல்லவா அம்மா?" என்கிறான். வேறு இல்லை, அதுவும் உண்மை, இதுவும் உண்மை என்றேன். அதற்குத்தான் குரல் ஏறியது. "உங்கள் தம்பி பேரைச் சுவரில் ஏற்றினால் தூக்கில் போட்ட அந்த ஆளின் கதையையும் மாற்ற வேண்டிவரும். அது எங்களால் ஆகாது" என்றான். மாற்றுங்களேன், எனக்கென்ன என்றேன். டீயைக்கூட முடிக்காமல் போய்விட்டான்.

எத்தனை அநியாயம் பார். ஒரு மனிதன் உயிரைக் கொடுத்திருக்கிறான், அவன் பேரைச் சொல்ல ஒரு கல் கிடையாது. நான் போய்விட்டால் அவனை நினைக்க ஆளே இல்லை. ஒரு பேர், கனி. நான் கேட்பது ஒரு பேர்தான்.

குழந்தை பேர் இன்னும் வரவில்லை பார். மீமில், உங்கள் 'ம' எழுத்தில், ஆரம்பிக்கும் என்று நினைக்கிறேன். போகட்டும்.

நேரமாகிவிட்டது. வா, இந்த முனையைப் பிடி. பிடிப்பதற்கு முன்னால், இந்த வீட்டில் உள்ள மாவெல்லாம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல், கர்த்தருக்குப் புரியும்.

என்ன செய்கிறாய்? அதை எதற்குத் திறக்கிறாய்? ரவைதான். உள்ளே கையை விடாதே, கை ஈரம் பட்டால் கட்டி பிடித்துக்கொள்ளும். அதில் கோதுமை மாவு, நீயே வாங்கினது. அதையும் திறக்க வேண்டுமா? தாளில் கொட்டிப் பார்க்கிற அளவுக்கு என்ன வந்துவிட்டது உனக்கு? இரண்டு வருஷமாக உன் கையால் சாப்பிடுகிறேன், ஒரு நாளாவது உன் சோற்றைச் சந்தேகப்பட்டிருக்கிறேனா?

உம் ஷஃபீக் எத்தனை வருஷம் எங்களிடம் வாங்கினாள். ஒரு தடவைகூட அவள் மூடியைத் திறந்து பார்த்ததில்லை.